ரமணரின் கையில் வந்த சிறு கட்டி: மச்சத்தையும் கட்டியையும் டாக்டரிடம் எப்போது காட்ட வேண்டும்?

அருப்புக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் கருவேலங்காட்டைத் தாண்டி வருகிற சின்ன ஊர் திருச்சுழி. குண்டாற்றங்கரையில் திருமேனிநாதர் கோயில், பக்கத்திலேயே ஒரு பழைய வீடு. 1879 டிசம்பர் 30 அதிகாலை, ஆருத்ரா தரிசன நேரத்தில், வெங்கட்ராமன் பிறந்தது அந்த வீட்டில்தான். அப்பா சுந்தரம் அய்யர் ஊரில் வழக்குகள் பார்த்தவர். அம்மா அழகம்மாள். இந்தப் பையன்தான் பிறகு ரமண மகரிஷி ஆனார் என்பது நமக்குத் தெரியும். அவரது உயிரைப் பறித்தது முழங்கைக்குக் கீழே வந்த ஒரு சின்னக் கட்டி என்பது பலருக்குத் தெரியாது.

12 வயதில் அப்பா இறந்துபோனார். வெங்கட்ராமன் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. படிப்பைவிட விளையாட்டில் ஆர்வம் அதிகம். 1896 ஜூலையில் அந்த வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, உடம்பில் ஒரு நோயும் இல்லாமலேயே, செத்துப்போகப் போகிறோம் என்ற பயம் திடீரென்று வந்தது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. பிணம் மாதிரி படுத்து, சாவு என்றால் என்ன, சாகிறது எது என்று தனக்குள்ளேயே பார்த்தார். அவர் வாழ்க்கை திரும்பியது அங்கேதான்.

ஆறு வாரத்தில், ஆகஸ்ட் 29 அன்று, அண்ணனின் காலேஜ் ஃபீஸுக்கு வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுக் கிளம்பினார். கொஞ்ச தூரம் ரயில், கொஞ்ச தூரம் நடை, வழியில் காதுக் கடுக்கனை அடகு வைத்துக் கைச்செலவு. செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை. அதன்பிறகு அந்த ஊரை விட்டு அவர் போகவே இல்லை.

கோயிலின் பாதாள லிங்கக் குகையில் உட்கார்ந்திருந்த நாட்களில் தொடையைப் பூச்சிகள் கடித்துப் புண்ணாக்கின. அவருக்கு அது தெரியவே இல்லை. மற்றவர்கள்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பிறகு மலைமேல் விரூபாட்ச குகையில் 1916 வரை, அதற்கு மேலே ஸ்கந்தாசிரமத்தில் 1922 வரை. அம்மாவும் கடைசிக் காலத்தில் அங்கேயே வந்து தங்கினார். 1922 மே மாதம் அம்மா இறந்தபிறகு, அவரது சமாதியைச் சுற்றி மலையடிவாரத்தில் வளர்ந்ததுதான் ரமணாசிரமம். பால் பிரண்டன், சாமர்செட் மாம் என்று வெளிநாட்டுக்காரர்கள் தேடி வந்தார்கள். அவர் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டும், பசு லட்சுமியைத் தடவிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார்.

1949: ஒரே வருஷம், நான்கு ஆபரேஷன்

1948 கடைசியில் இடது முழங்கைக்குக் கீழே சிறியதாக ஒரு கட்டி தெரிந்தது. 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே டாக்டர்கள் அதை அகற்றினார்கள். காயம் ஆறியது. எல்லோரும் முடிந்துவிட்டது என்று நினைத்தார்கள்.

ஒரே மாதத்தில் அதே இடத்தில், முன்பைவிடப் பெரியதாகக் கட்டி திரும்ப வந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது அப்போதுதான். சென்னையிலிருந்து சர்ஜன்கள் வந்து மார்ச் கடைசியில் இரண்டாவது ஆபரேஷன் செய்தார்கள். ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். ஆகஸ்டில் மூன்றாவது, டிசம்பரில் நான்காவது. நடுவில் நாட்டு மருந்து, ஆயுர்வேதம், ஹோமியோபதி எல்லாம் நடந்தன. எதற்கும் அது அடங்கவில்லை.

வந்தது சார்கோமா. தசை, கொழுப்பு, நரம்பு உறை போன்ற மென்திசுக்களில் ஆரம்பிக்கிற புற்றுநோய் இது. கறாராகச் சொன்னால் தோல் புற்றுநோய் இல்லை. ஆனால் தோலுக்கு மேலே தெரிகிற ஒரு சின்ன விஷயமாகத்தான் இரண்டுமே முதலில் கண்ணில் படுகின்றன. இரண்டிலும் நாம் செய்கிற தப்பும் ஒன்றுதான்: வெட்டி எடுத்தாச்சு, போச்சு என்று விட்டுவிடுவது.

இன்றைக்கு அப்படி ஒரு கட்டி வந்தால் என்ன செய்வார்கள்? பெரும்பாலான கட்டிகள் வெறும் கொழுப்புக் கட்டிதான், அதனால் பதற வேண்டாம். ஆனால் வேகமாக வளர்கிறது, 5 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது, ஆழத்தில் இருக்கிறது, அல்லது எடுத்த இடத்திலேயே மறுபடி வருகிறது என்றால் கத்தி வைப்பதற்கு முன்பே ஸ்கேன். பிறகு ஊசி போட்டுத் துளி சதை எடுத்து பயாப்ஸி. என்ன வகை என்று தெரிந்தபிறகுதான் ஆபரேஷன், அதுவும் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து. 1949இல் ஒரு மலையடிவார ஊரில் இதற்கெல்லாம் வழி ஏது? அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே 1954இல்தான் வந்தது.

சரி, மச்சம்?

நம்ம ஊரில் மச்சத்துக்கு சாஸ்திரமே இருக்கிறது. உதட்டில் இருந்தால் இது, உள்ளங்காலில் இருந்தால் வெளிநாட்டு யோகம் என்பார்கள். உள்ளங்காலில் புதிதாக ஒரு கருப்புப் புள்ளி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஜோசியரை இல்லை, தோல் டாக்டரை. மெலனோமா என்கிற ஆபத்தான தோல் புற்றுநோய், வெள்ளைத் தோல்காரர்களோடு ஒப்பிட்டால் நமக்கு மிகவும் குறைவு. ஆனால் வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில் என்று வெயிலே படாத இடங்களில் வருவதுதான் அதிகம். யாரும் பார்க்காத இடங்கள் என்பதால் தாமதமாகிறது. பாப் மார்லிக்கு அப்படித்தான்: கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வந்தது, ஃபுட்பால் அடி என்று நினைத்தார்கள். 1981இல் இறந்தபோது அவருக்கு 36 வயது.

பார்க்க வேண்டியது என்ன? மச்சத்தின் ஒரு பாதி மறுபாதி மாதிரி இல்லாதது, ஓரம் பிசிறுவது, ஒரே மச்சத்தில் இரண்டு மூன்று நிறம், 6 மில்லிமீட்டருக்கு மேல் (பென்சிலின் பின்பக்க அளவு). எல்லாவற்றையும்விட முக்கியம் மாற்றம். பத்து வருஷமாகச் சும்மா இருந்த மச்சம் வளர்ந்தாலோ, அரித்தாலோ, ரத்தம் கசிந்தாலோ காட்டிவிட வேண்டும். நகத்தில் புதிதாக விழுந்து அகலமாகிக்கொண்டே போகும் கருப்புக் கோடும் அப்படித்தான்.

தோல் புற்றுநோய் மச்சத்தில் மட்டும் வருவதில்லை. ஆறாத புண், பழைய தீக்காயத் தழும்பு ஆகியவற்றிலும் வரலாம். வருஷக்கணக்கில் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டி இடுப்பில் விழுந்த தழும்பில் வந்ததாகவும் இந்திய டாக்டர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் அம்மாவிடம், பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டு வைக்கலாம்.

டாக்டரிடம் போனால் பெரிதாக ஒன்றும் நடக்காது. டெர்மாஸ்கோப் என்ற லைட் வைத்த லென்ஸை வைத்துப் பார்ப்பார். வலி கிடையாது. சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, எடுத்து, லேபுக்கு அனுப்புவார். கத்தி பட்டால் பரவிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். முறையாகச் செய்கிற பயாப்ஸியால் அப்படி ஆவதில்லை. மெலனோமா 1 மில்லிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

பார்லரில் லேசர் வைத்து மச்சத்தை எரிப்பது, ஆசிட் வைப்பது, நூல் கட்டுவது மட்டும் வேண்டாம். எரிந்து போனதை எந்த லேபிலும் டெஸ்ட் பண்ண முடியாது. உள்ளே மிச்சம் இருந்தால் ஒரு மாசமோ ஒரு வருஷமோ கழித்துதான் தெரியும். இதைப் படித்த ராத்திரி நானும் முதுகில் இருக்கிற மச்சத்தை போனில் படம் எடுத்துத் தேதியோடு சேமித்து வைத்தேன். அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் ஆதாரம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் சிகிச்சைப் பிரிவு உண்டு. திருச்சுழிக்காரர்களுக்கு 2022 முதல் விருதுநகரிலேயே அந்த வசதி இருக்கிறது.

அவர் மறுத்தது எதை?

மகானே வைத்தியம் வேண்டாம் என்று சொன்னாராமே என்று சிலர் இழுப்பார்கள். அவர் டாக்டர்களைத் திருப்பி அனுப்பவில்லை. நான்கு தடவை கையை நீட்டினார், கொடுத்த மருந்துகளைச் சாப்பிட்டார். கையையே எடுத்துவிடலாம் என்று சொன்னபோது மட்டும் வேண்டாம் என்றார். இந்த உடம்பே ஒரு நோய்தான், அது தன் போக்கில் முடியட்டும் என்பது அவர் நிலை. நோயின் பெயர் தெரிந்தபிறகு 69 வயதில் ஒருவர் எடுத்த முடிவு அது. நாம் டாக்டரிடம் போகாமல் தள்ளிப்போடுவது, என்ன பெயர் சொல்வாரோ என்ற பயத்தில். 16 வயதிலேயே அந்தப் பயத்தைப் பார்த்து முடித்தவரோடு இதை ஒப்பிட முடியாது.

உடம்பு தேய்ந்தபிறகும் தரிசனத்தை நிறுத்த அவர் சம்மதிக்கவில்லை. அவர் படுத்திருந்த சின்ன அறையின் முன்னால் ஜனங்கள் வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். 1950 ஏப்ரல் 14, இரவு 8.47க்கு மூச்சு நின்றது. அன்றைக்கு திருவண்ணாமலையில் இருந்த பிரெஞ்சு போட்டோகிராபர் ஆன்ரி கார்த்தியே-பிரேசோன், அதே நேரத்தில் வானத்தில் ஒரு எரிநட்சத்திரம் போனதைப் பார்த்து மணியைக் குறித்து வைத்தார். மறுநாள், அம்மாவின் சமாதிக் கோயிலுக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.