சீழோடு போராடிய லிஸ்டர்

சர்ஜரி வார்டிலேயே முப்பது வருஷத்துக்கு மேல் கழித்தவராச்சே, மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள. சொந்தக் கதை எழுத எனக்கு வராது. அதனால் நாம எல்லோரும் பரீட்சைக்காக இரண்டு வரி படித்து, வைவாவில் ஒப்பித்து, அப்புறம் மறந்தே போன ஒரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். அவர் ஜோசப் லிஸ்டர்.

1827 ஏப்ரல் 5-ஆம் தேதி, லண்டனை ஒட்டிய அப்டன் என்ற ஊரில் ஒரு குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி. ஆனால் அவர் மனசெல்லாம் மைக்ரோஸ்கோப்பில்தான்! லென்ஸைத் திருத்தியமைத்து ராயல் சொசைட்டி உறுப்பினராகவே ஆகிவிட்டவர். ஆகவே மகனுக்கு மைக்ரோஸ்கோப் சின்ன வயசிலேயே பழக்கம். பின்னால் இதுதான் கைகொடுத்தது என்பது என் எண்ணம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் படித்து, 1853-ல் எடின்பரோ போய் ஜேம்ஸ் சைம் என்ற பெரிய சர்ஜனிடம் சேர்ந்தார். 1856-ல் அவருடைய மகள் ஆக்னஸைக் கல்யாணம் செய்துகொண்டார். 1860-ல் கிளாஸ்கோவில் பேராசிரியர் பதவி.

அந்தக் காலத்து வார்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1846-லேயே ஈதர் வந்துவிட்டது. வலி போச்சு, சர்ஜன்களுக்குத் துணிச்சல் வந்தது. ஆனா ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த நோயாளிக்கு நாலைந்து நாளில் குளிர் ஜுரம், புண்ணில் நாற்றம், அப்புறம் சாவு. எரிசிபிலஸ், பயீமியா, காங்கிரீன் என்று பெயர் மட்டும் நிறைய வைத்திருந்தார்கள். காரணம் கேட்டால் கெட்ட காற்று என்பார்கள். சீழிலேயே நல்ல சீழ் என்று ஒன்றை வைத்து, அது வந்தால் சந்தோஷப்பட்டார்கள்! ரத்தக்கறை காய்ந்து விறைத்த கோட்டு அனுபவத்துக்கு அடையாளமாக இருந்த காலம் அது. ஆஸ்பத்திரிகளை இடித்துவிட்டு வேறு மாதிரி கட்ட வேண்டும் என்றுகூடப் பேச்சு இருந்தது.

லிஸ்டரை ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. எலும்பு முறிந்தும் தோல் கிழியாமல் இருந்தால் நோயாளி பிழைக்கிறான். அதே முறிவில் தோல் கிழிந்துவிட்டால் சீழ் பிடிக்கிறது. உள்ளே போவது வெறும் காற்றா, காற்றில் இருக்கிற வேறு ஏதாவதா? 1865-ல் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், பிரான்சில் லூயி பாஸ்டர் செய்த நொதித்தல் ஆராய்ச்சிகளை இவர் கவனத்துக்குக் கொண்டுவந்தார். பாலும் ஒயினும் கெடுவதற்குக் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் காரணம் என்றால் புண் கெடுவதற்கும் அதுவே ஏன் காரணமாக இருக்கக் கூடாது? புண்ணைக் கொதிக்க வைக்க முடியாது. மருந்துதான் வேண்டும். கார்லைல் நகரத்தில் சாக்கடை நாற்றம் போகக் கார்பாலிக் அமிலம் பயன்படுத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதையே எடுத்துக்கொண்டார்.

முதல் முயற்சி தோற்றது. 1865 ஆகஸ்ட் 12 அன்று ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயசுப் பையன் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரிக்கு வந்தான். வண்டிச் சக்கரம் காலில் ஏறி, எலும்பு முறிந்து தோலும் கிழிந்திருந்தது. கார்பாலிக்கில் நனைத்த துணியை வைத்துக் கட்டிவிட்டு, நாலு நாள் கழித்துத்தான் பிரித்தார்கள். சீழ் இல்லை! ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. இப்படி 11 கேஸ் சேர்த்து 1867-ல் லான்செட்டில் எழுதினார். 9 பேர் கால் கையோடு பிழைத்தார்கள். ஒருவருக்குக் காலை எடுக்க வேண்டியதாயிற்று, ஒருவர் இறந்தார். தோல்வியையும் மறைக்காமல் எழுதியதுதான் எனக்குப் பிடித்தது.

அதே 1867-ல் அவருடைய அக்கா இசபெல்லாவுக்கு மார்பில் புற்றுக்கட்டி. மற்ற டாக்டர்கள் தயங்கினார்கள். லிஸ்டர் எடின்பரோவுக்குப் போய் மாமனாரிடம் யோசனை கேட்டார், பிணத்தில் ஒத்திகை பார்த்தார், கடைசியில் தன் வீட்டிலேயே தன் கையாலேயே மார்பை எடுத்தார். சொந்தக்காரங்களுக்குக் கத்தி பிடிக்கக் கூடாது என்று நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், சரிதான். ஆனா தன் முறையை நம்புகிறேன் என்று இதைவிட எப்படிக் காட்ட முடியும்? புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. மூன்று வருஷம் கழித்து அந்த அம்மா இறந்தது புற்றுநோயால், செப்சிஸால் அல்ல.

கணக்கையும் பார்த்துவிடலாம். 1864, 1866 ஆண்டுகளில் இவர் வார்டில் 35 ஆம்புடேஷன், 16 சாவு. புது முறை வந்த பின் 1867 முதல் 1869 வரை 40-ல் 6 சாவு. கண்ட்ரோல் குரூப் எல்லாம் கிடையாது, எண்ணிக்கையும் கம்மி. இன்றைக்கு அனுப்பினால் எந்த ஜர்னலும் ஆயிரம் கேள்வி கேட்கும். அன்றைக்கும் சும்மா விடவில்லை. குளோரோஃபார்ம் புகழ் சிம்சன் கடுமையாக எதிர்த்தார். கிருமியா, எங்கே காட்டு என்று கேலி செய்தவர்களும் உண்டு. ஜெர்மனியில்தான் சீக்கிரம் ஒப்புக்கொண்டார்கள். 1877-ல் லண்டன் கிங்ஸ் காலேஜுக்கு வந்து, உடைந்த முழங்கால் சில்லைத் திறந்து கம்பியால் கட்டிக் காட்டிய பிறகுதான் லண்டன்காரர்கள் கொஞ்சம் இறங்கிவந்தார்கள்.

ஆபரேஷன் நடக்கும்போது சுற்றிலும் கார்பாலிக் புகை அடிக்கும் ஸ்ப்ரே ஒன்றையும் இவர் கொண்டுவந்தார். எல்லோருக்கும் கண் எரிச்சல், கையெல்லாம் புண். காற்றைவிடக் கையும் கருவியும்தான் முக்கியம் என்று தெரிந்ததும் அதைக் கைவிட்டார். 1890-ல் பெர்லின் மாநாட்டில் எல்லோர் முன்னாலும் அதற்காக வருத்தமும் தெரிவித்தார். அத்தனை பெரிய புகழில் இருக்கும்போது இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும், நண்பர்களே? பிறகு கொதிநீராவியில் கருவிகளைச் சுத்தம் செய்யும் முறை பரவி, நம்ம தியேட்டர் உருவானது.

ஆக்னஸைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குழந்தைகள் இல்லை. அவர் சொல்லச் சொல்லப் பரிசோதனைக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தது இந்த அம்மாதான். 1893-ல் இத்தாலியில் விடுமுறைக்குப் போன இடத்தில் நிமோனியாவில் போய்விட்டார். அதன் பிறகு ராயல் சொசைட்டி தலைவர் பதவி, பிரபு பட்டம் எல்லாம் லிஸ்டருக்கு வந்தன. ஆனால் பழைய உற்சாகம் வரவில்லை.

1912 பிப்ரவரி 10 அன்று வால்மர் என்ற கடற்கரை ஊரில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியில் இறுதிச் சடங்கு நடந்தது. பெரியவர்களோடு அங்கேயே அவரை அடக்கம் செய்ய இடமும் இருந்தது. ஆனா ஆக்னஸ் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அதன்படியே ஹாம்ஸ்டெட் கல்லறைக்குக் கொண்டுபோனார்கள்.