வானைப் படம் பிடித்த பார்னார்ட்

வானியல் அறிஞர் பலர் பல்கலைக்கழக வாயில் வழியே வந்தவர்கள். எட்வர்டு எமர்சன் பார்னார்டோ ஒரு புகைப்பட நிலையத்தின் வழியே வந்தார். என் மனத்தை அவர் கவர்ந்ததற்கு முதற்காரணம் அதுவே.

1857இல் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் வறிய குடும்பத்தில் பிறந்தார். பிறக்குமுன்பே தந்தையை இழந்தவர். பள்ளிக்குச் சென்றது இரண்டே மாதங்கள். மற்றதெல்லாம் தாய் ஊட்டிய கல்வி. ஒன்பது வயதில் புகைப்பட நிலையமொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். படங்களைப் பெரிதாக்கக் கதிரவனின் ஒளியை நம்பியிருந்த காலம் அது. கதிரவன் நகர நகர, பெருங்கருவியைக் கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முன்பிருந்த சிறுவர்கள் அந்த வேலையில் உறங்கிப் போனார்களாம். இவர் உறங்கவில்லை.

பின்னாளில் சொந்தத் தொலைநோக்கி வாங்கி வால்மீன்களைத் தேடினார். ஒவ்வொரு புதிய வால்மீனுக்கும் 200 டாலர் பரிசு கிடைத்தது. அந்தப் பணத்தில் ஒரு வீடே எழுந்தது! 1888இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வு நிலையத்தில் சேர்ந்தார். 1892இல் வியாழனின் ஐந்தாம் துணைக்கோளைக் கண்டு உலகப் புகழ் பெற்றார்.

ஆனால் அவருடைய உண்மையான பெருமை பால்வீதிப் படங்களில்தான் இருக்கிறது என்பேன். மனித முகங்களைப் படமெடுக்கச் செய்த பழைய லென்ஸ் ஒன்றைக் கொண்டு, 1889 கோடையில் அப்பணியைத் தொடங்கினார். ஒரு தகட்டில் விண்மீன்கள் பதியப் பல மணி நேரம் ஆகும். பூமி சுழல்வதால் கருவியும் உடன் திரும்ப வேண்டும். கடிகாரப் பொறி அதைத் திருப்பினாலும் சிறுபிழை நேரும். எனவே ஒரு விண்மீனைக் குறுக்குக்கம்பியில் நிறுத்தி, கண்ணெடுக்காமல் பார்த்து, கையால் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஆய்வுக்கூடத்து நிறமாலைமானியில் ஒரு கோட்டைக் குறுக்குக்கம்பிக்குக் கொண்டுவருவதற்குள் என் கண்ணில் நீர் கோத்துவிடுகிறது. அவரோ மூன்று, நான்கு மணி நேரம் அப்படியே இருந்தார்.

இதிலொரு சங்கடம் உண்டு. பால்வீதி மிகச் செறிந்து தோன்றும் தனுசுப் பகுதி இரவில் உச்சத்துக்கு வருவது கோடையில். வடநாடுகளில் இரவு மிகக் குறுகுவதும் அப்போதுதான். பின்னர் அவர் பணியாற்றிய யெர்க்கிஸ் நிலையத்தில், ஜூன் மாத முழு இருட்டு சுமார் 4 மணி நேரமே. ஒரு தகட்டோடு இரவு முடிந்துவிடும். இடையில் மேகம் வந்தால் அதுவும் வீண். தனுசும் அங்கே அடிவானத்தை ஒட்டியே ஊர்ந்து செல்லும். அதனால் 1905இல் புரூஸ் தொலைநோக்கியைத் தெற்கே மவுண்ட் வில்சன் மலைக்குக் கொண்டு சென்றார். அங்கே ஜூன் இருட்டு சுமார் 6 மணி நேரம். தனுசும் உயர்ந்து நிற்கும்.

அந்தப் படங்களில் விண்மீன் கூட்டங்களின் நடுவே கரிய திட்டுகள் தெரிந்தன. அவை வெற்றிடங்களா, ஒளியை மறைக்கும் பொருள்களா? வெற்றிடம் என்றே பலர் கருதினர். பார்னார்டும் நெடுநாள் தயங்கினார். 1913ஆம் ஆண்டுக் கோடையில், நிலவற்ற ஓரிரவு, தனுசின் ஒளிக்கு முன்னே சிறுசிறு மேகத் துண்டுகள் நிற்கக் கண்டார். அவை மை சிந்தியதுபோல் கறுத்துத் தெரிந்தன. தகடுகளில் தாம் கண்ட திட்டுகளும் இப்படித்தானே இருந்தன! 1919இல் 182 கருந்திட்டுகளுக்குப் பட்டியல் வெளியிட்டார். அவற்றுட் பல விண்வெளித் தூசிமேகங்கள் என்பது பின்னர் உறுதியாயிற்று.

தேர்ந்தெடுத்த படங்களை நூலாக்க விரும்பினார். அச்சுப் படங்களில் அவருக்கு நம்பிக்கையில்லை. 700 பிரதிகள்; ஒவ்வொன்றிலும் 51 உண்மைப் புகைப்படங்கள். ஆக 35,700 படங்களையும் தாமே பார்த்துத் தேர்ந்தார். 1923 பிப்ரவரி 6இல் மறைந்தார். எஞ்சிய பணியை நிலையத் தலைவர் பிராஸ்டும், பார்னார்டின் மனைவிக்குச் சகோதரர் மகளான மேரி கால்வெர்ட்டும் முடிக்க, 1927இல் நூல் வெளிவந்தது.