கிணற்றில் வைரஸை ஊற்றிய விஞ்ஞானி.. காலராவை வைரஸ் வைத்தே விரட்டப் பார்த்த டி ஹெரெல் யார்?

1927. பிரிக்கப்படாத பஞ்சாபில் காலரா பரவிக்கொண்டிருக்கிறது. கிராமத்துக் கிணறுகளில் ஒரு திரவத்தை ஊற்றுகிறார்கள். அதில் இருந்தது வழக்கமான மருந்து இல்லை, வைரஸ்!

பதற வேண்டாம். அந்த வைரஸ் மனிதர்களைத் தொடாது. காலரா பாக்டீரியாவை மட்டும் தேடிப்போய் அழிக்கும். இந்த ரக வைரஸுக்கு பாக்டீரியோஃபேஜ் எனப் பெயர் வைத்தவர் ஃபெலிக்ஸ் டி ஹெரெல். பஞ்சாபில் அந்தச் சோதனையை நடத்தியதும் அவர்தான்.

டாக்டர் பட்டமே இல்லாதவர்

தான் கனடாவின் மாண்ட்ரியலில் பிறந்ததாகவே அவர் சொல்லி வந்தார். பிறகு ஆவணங்களைத் தோண்டியவர்கள், 1873-ல் அவர் பிறந்தது பாரிஸில் என்று கண்டுபிடித்தார்கள். முறையான மருத்துவப் படிப்பு கிடையாது. நுண்ணுயிரியலைத் தானாகவே படித்துக்கொண்டார். குவாத்தமாலாவில் அரசு வேலை, மெக்சிகோவில் கற்றாழை வகைச் செடியின் கழிவிலிருந்து சாராயம் எடுக்கும் முயற்சி என ஊர் ஊராகச் சுற்றினார். கடைசியில் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்தார், அதுவும் சம்பளம் இல்லாமல்.

1915-ல் பாரிஸ் அருகே குதிரைப்படை வீரர்களுக்கு ரத்தபேதி. நோயாளிகளின் மலத்தை பாக்டீரியாகூட நுழைய முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்து, அந்த நீரை ரத்தபேதி பாக்டீரியா வளரும் குழாயில் கலந்தார் டி ஹெரெல். கலங்கலாக இருந்த குழாய் தெளிந்துவிட்டது. ஏதோ ஒன்று பாக்டீரியாவைத் தின்று தீர்த்திருந்தது. 1917-ல் இதை உலகுக்கு அறிவித்தார்.

அங்கேதான் சண்டையும் ஆரம்பம். இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் டுவார்ட் 1915-லேயே இதுபோன்ற ஒன்றைப் பதிவு செய்திருந்தார். நோபல் பரிசு பெற்ற ஜூல்ஸ் போர்டே, இது உயிருள்ள துகளே இல்லை, பாக்டீரியாவே சுரக்கும் நொதி என்று வாதாடினார். டி ஹெரெல் மசியவில்லை. பாக்டீரியாவுக்குள் புகுந்து பெருகும் ஒட்டுண்ணி இது என்பதில் உறுதியாக நின்றார். 1940-ல் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்தத் துகள் படமாகவே சிக்கியது. பட்டம் இல்லாதவர் சொன்னதுதான் சரி.

1919-ல் பாரிஸில் ரத்தபேதி கண்ட ஒரு சிறுவனுக்கு ஃபேஜைக் கொடுப்பதற்கு முன், தானே அதைக் குடித்துப் பார்த்தார். நோபலுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1930-களில் ஜார்ஜியாவின் திபிலிசிக்குப் போய், நண்பர் ஜார்ஜி எலியாவாவுடன் ஃபேஜ் ஆய்வு மையத்தை வளர்த்தார். 1937-ல் ஸ்டாலின் ஆட்சி எலியாவாவைச் சுட்டுக் கொன்றது. டி ஹெரெல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்தபின் மேற்கு நாடுகள் ஃபேஜை ஓரங்கட்டின. 1949-ல் பாரிஸில் இறந்தார்.

திருடனிடமே திருடும் டிஎன்ஏ

ஃபேஜ் ஓர் ஒட்டுண்ணி என்று சொன்னவருக்கு, அந்த ஒட்டுண்ணியை ஏய்க்கும் இன்னொன்று இருப்பது தெரியாது. அதுவும் அவர் கிணறுகளில் குறிவைத்த அதே காலரா பாக்டீரியாவில்!

ஃபேஜின் தலை என்பது புரதத்தால் ஆன ஓடு. இதை கேப்சிட் என்பார்கள். பாக்டீரியாவுக்குள் புகுந்த ஃபேஜ், தன் டிஎன்ஏவை நகலெடுக்க வைப்பதோடு இந்த ஓட்டுக்கான புரதத் துண்டுகளையும் தயாரிக்க வைக்கும். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, தனியாக ஒரு சாரப் புரதம் அந்தத் துண்டுகளைச் சரியான வளைவில் அடுக்க உதவும். முதலில் காலி ஓடு தயாராகும். பிறகு சாரம் விலகிவிடும். வாசலில் இருக்கும் மோட்டார் போன்ற புரதம் டிஎன்ஏவை உள்ளே திணிக்கும். எல்லாம் முடிந்ததும் பாக்டீரியா வெடிக்கும், புது ஃபேஜ்கள் வெளியேறும்.

வங்கதேசத்துக் காலரா நோயாளிகளிடம் அடிக்கடி தென்படும் ஃபேஜின் பெயர் ஐசிபி1. சில காலரா பாக்டீரியாக்களின் மரபணுத் தொகுப்பில் பிஎல்இ என்ற ஒரு டிஎன்ஏ துண்டு ஒளிந்திருக்கும். ஐசிபி1 உள்ளே வந்ததும் இது விழித்துக்கொள்ளும். சொந்தமாக ஓடு கட்ட இதற்குத் தெரியாது. ஆனால் சாரம் கட்டத் தெரியும்.

இதன் சாரப் புரதம் ஓட்டின் வெளிப்பக்கமாகப் பிடித்துக்கொண்டு, ஐசிபி1 தயாரித்த அதே துண்டுகளைச் சின்ன ஓடாக அடுக்க வைக்கிறது. அந்தச் சின்ன ஓட்டுக்குள் ஐசிபி1-இன் நீளமான டிஎன்ஏ அடங்காது. அதில் சுமார் ஏழில் ஒரு பங்கே இருக்கும் பிஎல்இ கச்சிதமாக உட்கார்ந்துவிடும். பாக்டீரியா வெடிப்பது என்னவோ உண்மைதான். ஆனால் புது ஃபேஜ் வராது. அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்கள் தப்பிக்கும், சிலவற்றுக்கு பிஎல்இயும் போய்ச் சேரும்.

அப்படியென்றால் காலராவுக்கு ஃபேஜ் மருந்து தயாரிப்பவர்களுக்கு, எதிரே இருக்கும் பாக்டீரியாவிடம் பிஎல்இ இருக்கிறதா என்பதும் முக்கியமான கேள்வி. ஐசிபி1-ம் சும்மா இல்லை. பாக்டீரியாக்கள் வைரஸை வெட்டப் பயன்படுத்தும் கிரிஸ்பர் கத்தரியைச் சில ஐசிபி1-கள் எங்கிருந்தோ சுட்டு வைத்திருப்பது 2013-ல் தெரியவந்தது. அதை வைத்து அவை வெட்டுவது பிஎல்இயைத்தான்.