தூது சென்ற ஆசிரியர்

நம் அதியன்னூரிலிருந்து பாறசாலையைக் கடந்து சென்றால் களியக்காவிளைச் சந்தை வந்துவிடும். அங்கே ஒரு கடையில் மலையாளத்தில் விலை கேட்டு, அடுத்த கடையில் தமிழில் பேரம் பேசுகிறோம். எதிரில் நிற்பவர் மனமறிந்து பேசும் இத்திறன் நாடுகளுக்கிடையே பயன்படும்போது தூது எனப்படுகிறது. திருவள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அத்தகைய தூதராகக் கடல் கடந்து சென்றார் ஒரு பள்ளி ஆசிரியர்.

வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் எளிய புரோகிதர் குடும்பத்தில் பிறந்தார். கும்பகோணத்தில் பயின்று ஆசிரியரானார். பின்னர்ச் சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியராக விளங்கினார். 1907-இல் அப்பணியைத் துறந்து, கோகலே நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். அவருடைய ஆங்கிலப் பேச்சாற்றல் இலண்டன், ஜெனீவா முதலிய நகரங்களிலும் புகழ்பெற்றது.

அந்நாளில் தென்னாப்பிரிக்க இந்தியர் நிலை இரங்கத்தக்கதாய் இருந்தது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களுள் தமிழர் மிகப் பலர். அவர்கள் வழிவந்தோரைத் தனிப் பகுதிகளில் ஒதுக்கிவைக்க 1925-இல் அந்நாட்டு அரசு ஒரு சட்ட முன்வரைவைக் கொணர்ந்தது. அதனைத் தடுக்கச் சென்ற இந்தியக் குழுவில் சாஸ்திரியாரும் ஒருவர். கேப்டவுனில் நடந்த வட்டமேசை மாநாட்டின் பயனாக 1927-இல் உடன்பாடு ஏற்பட்டது, முன்வரைவு கைவிடப்பட்டது. எனினும் இந்தியருக்கு வாக்குரிமை கிட்டவில்லை; தாயகம் திரும்ப விரும்புவோருக்குப் பொருளுதவி அளிக்கும் திட்டத்தையும் இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. முழு வெற்றி என்று இதனைக் கூறுதல் இயலாது.

உடன்பாட்டின்படி இந்திய அரசின் பிரதிநிதி ஒருவர் அங்கே தங்க வேண்டும். எவரை அனுப்புவது? ஒத்துழையாமை இயக்கத்தில் சாஸ்திரியார் காந்தியடிகளோடு கடுமையாக முரண்பட்டவர். ஆயினும், இருபத்தோராண்டுக் காலம் தென்னாப்பிரிக்கத் தொடர்புடைய அடிகளே அவரைச் செல்லுமாறு வற்புறுத்தினார். கருத்து வேற்றுமை நட்பைக் கெடுக்கவில்லை. இருவருக்கும் பெருமை சேர்க்கும் செய்தி இது.

உடல்நலம் குன்றியிருந்தும் 1927 சூன் மாதம் பொறுப்பேற்ற சாஸ்திரியார், வெள்ளையர் அவைகளுக்கே சென்று இந்தியர் குறைகளை இன்சொல்லால் எடுத்துரைத்தார். கிளர்க்ஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் பேசிய கூட்டத்தில் வெள்ளையர் சிலர் புகுந்து கலகம் விளைத்தனர். அப்போதும் அவர் அமைதி இழக்கவில்லை. பணிந்து பேசுவோர் அச்சத்தால் பணிகிறார் என எண்ணுதல் பிழை. அங்கே குரலை உயர்த்தாதிருக்கத்தான் துணிவு வேண்டியிருந்தது.

இந்தியப் பிள்ளைகள் உயர்நிலைக் கல்வி பெறவும் ஆசிரியர் பயிற்சி பெறவும் ஒரு நிலையம் வேண்டும் என்பது அவர் வேட்கை. அதற்காக இந்திய வணிகரிடம் பொருள் திரட்டினார். பள்ளியை விட்டு நீங்கி இருபது ஆண்டுகள் ஆகியும் ஆசிரிய மனம் நீங்கவில்லை போலும்! 1929 சனவரியில் அவர் தாயகம் திரும்பினார். அதே ஆண்டில் டர்பன் நகரில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டது.

பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றிய அவர், 1946 ஏப்ரல் 17-ஆம் நாள் மறைந்தார். தென்னாப்பிரிக்க இந்தியரின் வழக்கை அதே ஆண்டில் இந்தியா ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொண்டுசென்றது.