குச்சிக்கிழங்கும் ஒரு மகாராஜாவும்

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்க வீட்டு வெள்ளாடுதான். சிரிக்காதீர்கள்!

நைனார்பாளையத்தில் ஒருநாள் கயிற்றை அறுத்துக்கொண்டு குச்சிக்கிழங்குக் கொல்லையில் புகுந்த அந்த ஆடு, தழையை வயிறு முட்டத் தின்றது. கொஞ்ச நேரத்தில் வாயில் நுரை தள்ளிச் செத்தும் போனது. அதே செடியின் கிழங்கைத்தான் அன்று சாயந்தரம் அம்மா அவித்துக் கொடுத்தார். நாங்களும் சாப்பிட்டோம். ஒன்றும் ஆகவில்லை! ஏன்? இதற்கு விடை தேடிப் போனபோது கிடைத்தவர்தான் திருவிதாங்கூர் மகாராஜா விசாகம் திருநாள் ராமவர்மா.

இவர் பிறந்தது 1837 மே 19. இளவரசருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் கும்பகோணத்துக்காரரான டி. மாதவராவ். பின்னாளில் திருவிதாங்கூர் திவானாக இருந்தவர் அவரே. விசாகம் திருநாளுக்குப் படிப்பிலும் செடி கொடிகளிலும் ஒரே ஈடுபாடு. அண்ணன் ஆயில்யம் திருநாளுக்குப் பிறகு 1880-இல் பட்டத்துக்கு வந்தார்.

அரிசி பற்றாத நாடு அது. தென் அமெரிக்காவில் பிறந்து, போர்த்துக்கீசியர் மூலம் கேரளக் கரைக்கு வந்த மரச்சீனியை (நம்ம குச்சிக்கிழங்கேதான்!) ஏழைகளின் பசிக்கு மருந்தாகக் கண்டார். ஆனால் அது விஷக்கிழங்கு என்று ஜனங்களுக்குப் பயம். அந்தப் பயம் பொய்யல்ல. அதனால் மகாராஜா அதட்டவில்லை. அவிக்கும் முறையைச் சொல்லி, வெந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்றார். அரண்மனையிலேயே சமைத்துப் பரிமாறச் செய்தார் என்று இன்றும் சொல்கிறார்கள். ராஜாவே சாப்பிட்டால் அப்புறம் என்ன பயம்?

இதில் நம்ம கெமிஸ்ட்ரியும் இருக்கிறது. கிழங்கில் லினமாரின் என்ற பொருளும், அதை உடைக்கும் நொதியும் தனித்தனியே இருக்கின்றன. வெட்டினாலோ மென்றாலோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு உண்டாகிறது. அது சுமார் 26 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். உடையாமல் மிஞ்சும் லினமாரின் தண்ணீரில் கரையும். ஆகவே தோலைச் சீவி, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து வடித்துவிட்டால் பெரும்பகுதி விஷம் போய்விடும். வறட்சியில் விளைந்த கிழங்கில் விஷம் கூடும். கசந்தால் தொடவே கூடாது. கிழங்கு மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் சயனைடு கூடாது என்பது உலக அளவிலான விதி.

விசாகம் திருநாள் ஆண்டது ஐந்தே ஆண்டுகள். 1885 ஆகஸ்ட் 4 அன்று, 48 வயதில் காலமானார். ஆனால் அவர் பரப்பிய கிழங்கு நின்றது. 1942-இல் பர்மா வீழ்ந்து அரிசி வரத்து நின்றபோது, திருவிதாங்கூர் ஜனங்களின் வயிற்றை நிரப்பியது இதுதான். அதே நாற்பதுகளில் சேலத்தில் ஜவ்வரிசித் தொழில் தொடங்கியது. ஆத்தூர், சின்னசேலம் என்று நம்ம பக்கமும் பரவியது.

இங்கேதான் நமக்கு வேலை இருக்கிறது நண்பர்களே! சேகோ மில்லில் கிழங்கை அரைத்து, பாலை வடிகட்டித் தெளிய வைக்கும்போது விஷம் தண்ணீரோடு போகிறது. ஜவ்வரிசி சுத்தமாகிறது, சரி. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் கிணற்றுக்குத்தானே வரும்? அதைத் தொட்டியில் தேக்கி, கிருமிகளைக் கொண்டு மக்கவைத்து, எரிவாயு எடுக்கும் மில்களும் இருக்கின்றன. அதாவது வழி இருக்கிறது, செய்யத்தான் ஆள் வேண்டும்.

மகாராஜா காலத்தில் கொட்டிய தண்ணீர் ஒரு பானை. இன்று கொட்டுவது தொட்டி தொட்டியாக. நாளைக்கு டிப்ளமோவோடு அந்த மில் வாசலில் நிற்கப்போவது நாம்தான். தட்டில் இருந்து எடுத்த விஷத்தை அடுத்தவர் கிணற்றில் போடாமல் பார்த்துக்கொண்டால், அதுவே அந்த மகாராஜாவுக்கு நாம் செய்யும் மரியாதை!