மூன்று பரீட்சை, ஒரு சின்னக் கப்பல்

ஜோசப் கான்ராட் என்றால் ஆங்கில இலக்கியம் படிக்கிறவர்களுக்குப் பெரிய நாவலாசிரியர். டிப்ளமோ படிக்கிற நாம் அவரை வேறு பக்கமாகத் தெரிந்துகொள்ளலாம். எழுத்தாளர் ஆவதற்கு முன்னால் அந்த மனுஷன் கிட்டத்தட்ட இருபது வருஷம் கப்பல்காரர். பரீட்சை எழுதி, ஃபெயிலாகி, மறுபடி எழுதி, சர்டிபிகேட் வாங்கி, அந்த சர்டிபிகேட்டுக்கு ஏற்ற வேலை கிடைக்காமல் அலைந்தவர். இந்தக் கதையில் நம்ம மதராஸும் வருகிறது நண்பர்களே!

1857 டிசம்பர் 3ஆம் தேதி, அப்போது ரஷ்ய ஆட்சியில் இருந்த, இன்று உக்ரைனில் உள்ள பெர்டிச்சேவ் பகுதியில் ஒரு போலந்துக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா கவிஞர். ரஷ்ய ஆட்சியை எதிர்த்ததால் குடும்பத்தோடு வடக்கே வொலோக்தாவுக்கு நாடு கடத்தினார்கள். பையனுக்கு ஏழு வயசில் அம்மா போனார், பதினொரு வயசில் அப்பாவும் போனார். அப்புறம் வளர்த்தது தாய்மாமன் பொப்ரோவ்ஸ்கி. அந்த ஊரிலும் தாய்மாமன்தான் தாங்கியிருக்கிறார் பாருங்கள்! பையன் கப்பலுக்குப் போகணும் என்று அடம்பிடித்து, 1874ல் பதினாறு வயசில் பிரான்சின் மார்செய் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தான்.

பிரெஞ்சுக் கப்பல்களில் சில பயணம் போனார். ஆனால் காகிதப்படி அவர் ரஷ்யப் பிரஜை, ராணுவ சேவை பாக்கி இருக்கிற ஆள். அதனால் அங்கே தொடர முடியவில்லை. கடன் ஏறியது. மனசு உடைந்து 1878ல் உயிரை விடப் பார்த்துப் பிழைத்தார். மாமன் ஓடி வந்து கடனை அடைத்தார். திட்டிக் கடிதம் எழுதுவார், கூடவே பணமும் அனுப்புவார். நம்மில் பலருக்கு அப்படி ஒரு மாமன் கிடையாது. எங்கள் வீட்டில் டிப்ளமோ என்கிற வார்த்தையே என்னோடுதான் வந்தது. அதனால் கான்ராடை ஒன்றுமில்லாத ஏழை என்று நான் எழுத மாட்டேன்.

அதே 1878ல் ஒரு ஆங்கிலக் கப்பலில் இங்கிலாந்து போய் இறங்கினார். ஆங்கிலத்தில் சில வார்த்தைகளுக்கு மேல் தெரியாது, வயசு இருபது. முதலில் கிடைத்தது கரையோரமாக நிலக்கரி ஏற்றும் ஒரு குட்டிக் கப்பல். லோஸ்டாஃப்ட்டுக்கும் நியூகாசிலுக்கும் நடுவில் ஓடும். அதில் இரண்டு மாசத்துக்கு மேல் வேலை. ஆங்கிலப் பேச்சை அந்த மாலுமிகளிடம்தான் பிடித்தார். பிறகு பெரிய கப்பலில் ஆஸ்திரேலியா போய் வந்தார்.

கப்பலில் அதிகாரி ஆக மூன்று படி. செகண்ட் மேட், ஃபர்ஸ்ட் மேட், மாஸ்டர். ஒவ்வொன்றுக்கும் அரசாங்கம் நடத்தும் பரீட்சை உண்டு. அதோடு, இத்தனை வருஷம் கடலில் இருந்தாய் என்று காகிதமும் காட்ட வேண்டும். செகண்ட் மேட் எழுத நாலு வருஷம் தேவை. கான்ராடுக்கு நாலு வருஷம் தேறவில்லை. என்ன செய்தார்? பிரெஞ்சுக் கப்பல்களில் இருந்த காலத்தைக் கூட்டிக் காட்டுகிற ஒரு சான்றை வாங்கிக் கொடுத்தார். இது எனக்குப் பிடிக்கவில்லை. பெரிய ஆள் என்பதற்காக மறைத்து எழுதவும் மனசில்லை. சான்றை வளைக்கலாம், பரீட்சையை வளைக்க முடியாதே! லண்டனில் நம்ம டுடோரியல் மாதிரி ஒரு இடத்தில் படித்து, 1880 மே மாசம் முதல் தடவையிலேயே பாஸ் செய்தார். இரண்டு வருஷம் முன்னால் அந்த மொழியே தெரியாதவர்.

பாஸ் ஆனதும் செகண்ட் மேட் வேலை கிடைத்ததா என்றால், இல்லை. ஒரு படி கீழே தேர்ட் மேட்டாக லாக் எடிவ் கப்பலில் போனார். அடுத்து பாலஸ்தீன் என்கிற பழைய கப்பலில் செகண்ட் மேட். அது 400 டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இங்கே டன் என்பது எடை இல்லை. அந்தக் காலக் கணக்கில் கப்பலுக்குள் 100 கன அடி இடம் இருந்தால் அது ஒரு டன். அந்தக் கப்பல் ஒழுகி, மாசக்கணக்கில் ரிப்பேருக்கு நின்று, கடைசியில் 1883ல் சுமத்ரா பக்கம் நிலக்கரி தீப்பிடித்து மூழ்கியது. படகில் ஏறித் தப்பினார்கள்.

அடுத்த கப்பல் ரிவர்ஸ்டேல். 1884 ஏப்ரலில் மதராஸ் வந்தது. அங்கே கேப்டனுக்கும் கான்ராடுக்கும் தகராறு. கேப்டனுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டரை அழைத்து வரப் போன இடத்தில், கேப்டன் குடித்திருப்பதாகச் சொல்லிவிட்டார். அது கேப்டன் காதுக்குப் போனது. கான்ராட் மதராஸிலேயே இறங்க வேண்டியதாயிற்று. கப்பலை விட்டு இறங்கும்போது கொடுக்கிற சீட்டில் திறமைக்கு ஒரு கட்டம், நடத்தைக்கு ஒரு கட்டம் உண்டு. திறமைக்கு நல்லபடி எழுதிய கேப்டன், நடத்தைக் கட்டத்தில் ஒன்றும் சொல்ல விரும்பவில்லை என்று எழுதிவிட்டார். நமக்கு டி.சி.யில் அந்த வரியை எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள்! அடுத்த பரீட்சைக்கு அந்தச் சீட்டைத்தான் நீட்ட வேண்டும். கொஞ்ச நாளில் அதே ரிவர்ஸ்டேல் மசூலிப்பட்டினம் பக்கம் தரை தட்டியது. தப்பு கேப்டன் மேல்தான் என்று விசாரணையில் முடிவானது. ஆனால் கான்ராட் சீட்டில் இருந்த வரி இருந்தபடியேதான் இருந்தது.

மதராஸிலிருந்து ரயில் ஏறி பம்பாய் போய், நார்சிஸஸ் என்ற கப்பலில் செகண்ட் மேட்டாகச் சேர்ந்தார். அந்தக் கப்பல் பின்னால் ஒரு நாவலாகவே ஆனது. ஐரோப்பா திரும்பியதும் ஃபர்ஸ்ட் மேட் பரீட்சை எழுதினார். 1884 நவம்பரில் ஃபெயில்!

எதில் போனது என்று கேட்டால், ஒரு நாள் கணக்கு என்கிற பேப்பர். நேற்று மத்தியானம் கப்பல் இங்கே இருந்தது, இன்று மத்தியானம் எங்கே இருக்கும்? இதுதான் கேள்வி. மணிக்கு மணி எந்தத் திசை, எத்தனை மைல், காற்று எவ்வளவு ஒதுக்கியது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுத்தது, காம்பஸ் முள் எத்தனை டிகிரி தப்பாகக் காட்டுகிறது என்று எல்லாம் கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு திசையையும் திருத்தி, வடக்கு தெற்கு தனி, கிழக்கு மேற்கு தனி எனப் பிரித்துக் கூட்டி, கடைசியில் அட்ச ரேகை, தீர்க்க ரேகை சொல்ல வேண்டும். சர்வே படிக்கிற சிவில் நண்பர்களுக்கு டிராவர்ஸ் கணக்கு ஞாபகம் வரும். ஒரு இடத்தில் கூட்ட வேண்டியதைக் கழித்துவிட்டால் போச்சு, பேப்பரில் ஓடும் கப்பல் வேறு இடத்தில் போய் நிற்கும்.

மறுபடி எழுதினார். டிசம்பர் 3, அவருடைய 27வது பிறந்த நாளில் பாஸ். அப்புறமும் கிடைத்தது டில்கர்ஸ்ட் கப்பலில் செகண்ட் மேட் வேலைதான். சிங்கப்பூர், கல்கத்தா எல்லாம் போய் வந்து 1886 ஜூலையில் மாஸ்டர் பரீட்சை. அதிலும் கணக்கு காலை வாரியது, ஃபெயில். ஆகஸ்டில் பிரிட்டிஷ் பிரஜை ஆனார். நவம்பரில் மாஸ்டர் பாஸ்.

1912ல் வெளிவந்த தன் நினைவு நூலில் இந்த மூன்று பரீட்சைகளையும் பற்றி ரசித்து எழுதியிருக்கிறார். ஃபெயிலான இரண்டு தடவை மட்டும் அதில் இல்லை. அரசாங்க ஏட்டில் இருக்கிறது! பயோடேட்டாவில் அரியரை யார் எழுதுகிறார்கள்?

இன்றைக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்ட 1978ஆம் வருஷ விதிகளில் 500, 3000 என்று கப்பலின் அளவுக்குக் கோடு போட்டிருக்கிறார்கள். சின்னக் கப்பல் டிக்கெட்டை வைத்துப் பெரிய கப்பலை ஓட்ட முடியாது. கான்ராட் வாங்கின காகிதத்தில் அந்தக் கோடு இல்லை. எத்தனை டன் கப்பலுக்கும் கேப்டன் ஆகலாம். ஆனால் கப்பல் கொடுக்க வேண்டியது முதலாளி. நீராவிக் கப்பல் பெருகிப் பாய்க்கப்பல் குறைந்துகொண்டிருந்த காலம் அது. டிக்கெட் வைத்திருந்தவர்கள் அதிகம், இடம் குறைவு. மாஸ்டர் டிக்கெட்டோடு ஃபர்ஸ்ட் மேட்டாகத்தான் போனார். அதில் அடிபட்டு சிங்கப்பூரில் ஆஸ்பத்திரி. பிறகு போர்னியோ பக்கம் போகும் விடார் என்ற நீராவிக் கப்பல், அதிலும் மேட்.

1888 ஜனவரியில் அதையும் விட்டுவிட்டு சிங்கப்பூரில் சும்மா இருந்தபோது ஒரு செய்தி வந்தது. ஒடாகோ என்ற கப்பலின் கேப்டன் கடலில் இறந்துவிட்டார், கப்பல் பாங்காக்கில் நிற்கிறது, ஆள் வேண்டும். முப்பது வயசில் கேப்டன்! கப்பல் எவ்வளவு பெரிசு? சுமார் 345 டன். மேட்டாக வேலை செய்த டில்கர்ஸ்ட் 1500 டன்னுக்கு மேல்! போதாததற்கு ஆட்கள் பாதிப் பேருக்குக் காய்ச்சல், காற்றும் இல்லை. பாங்காக்கிலிருந்து சிங்கப்பூர் வருவதற்கே சுமார் மூன்று வாரம். அதை நினைத்துத்தான் 1917ல் வெளிவந்த ‘ஷேடோ லைன்’ நாவலை எழுதினார். சிட்னி, மொரீஷியஸ் என்று ஓட்டிவிட்டு 1889ல் விலகினார்.

அதோடு சரி. கடலில் அவர் கேப்டனாக இருந்த ஒரே கப்பல் அதுதான். காங்கோ ஆற்றில் ஒரு சின்னப் படகைச் சில நாள் நடத்தினார், உடம்பு கெட்டதுதான் மிச்சம். பிறகு டோரன்ஸ் என்ற பெரிய பயணிகள் பாய்க்கப்பலில் திரும்பவும் ஃபர்ஸ்ட் மேட். கடைசியாக 1893 முடிவில் அடோவா என்ற கப்பலில் செகண்ட் மேட், பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் பாஸ் செய்த முதல் படி! 1894 ஜனவரியில் இறங்கினார். பெட்டியில் பாதி எழுதின நாவல் இருந்தது, 1895ல் அச்சாகி வந்தது. 1924ல் இங்கிலாந்தில் காலமானார்.

ஒடாகோ அவருக்குப் பிறகும் இருந்தது. வயசாகி, டாஸ்மேனியாவில் ஹோபார்ட் பக்கம் ஆற்றோரத்தில் உடைத்துப் போட்டார்கள். அந்த வளைகுடாவுக்கு அந்தக் கப்பல் பெயரையே வைத்துவிட்டார்கள். துருப்பிடித்த இரும்புச் சட்டம் கொஞ்சம் இன்னும் அங்கே கரையில் கிடக்கிறது.