ஒரு அப்சர்வேஷன் நோட்டின் கதை

வெம்பக்கோட்டை அகழாய்வில் கிடைத்த சூதுபவள மணிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீங்க. அந்தச் சிவப்புக் கல் வெறும் சிலிக்காதான். இரும்பு ஆக்சைடு அதற்கு நிறம் கொடுக்குது. அதே சிலிக்கா வெந்நீரில் கரைந்து வந்து ஒரு மலைச்சரிவையே படிக்கட்டாக மாற்றினால்? அப்படி ஒரு இடத்தை அளந்து எழுதி வைத்தவர்தான் ஃபெர்டினாண்ட் வான் ஹோக்ஸ்டெட்டர்.

1829-ல் ஜெர்மனியின் எஸ்லிங்கனில் பிறந்தார். 1857-ல் உலகைச் சுற்றக் கிளம்பிய நொவாரா என்ற ஆஸ்திரியக் கப்பலில் ஜியாலஜிஸ்ட்டாக ஏறினார். 1858 தொடக்கத்தில் அந்தக் கப்பல் நம்ம மெட்ராஸுக்கும் வந்து போனது. வருடக் கடைசியில் நியூசிலாந்து சேர்ந்தது. கப்பல் கிளம்பிவிட்டது, இவர் அங்கேயே தங்கிட்டார்.

1859 ஏப்ரலில் ரோட்டோமஹானா ஏரிக்குப் போனார். கரையில் வெள்ளையாக ஒன்று, இளஞ்சிவப்பாக ஒன்று என இரண்டு படித்திட்டுகள். பூமிக்குள் சூடும் அழுத்தமும் அதிகம் என்பதால் தண்ணீர் பாறையின் சிலிக்காவைக் கரைத்துக்கொள்ளும். வெளியே வந்து ஆறியதும் அவ்வளவையும் தாங்க முடியாமல் படியவிடும். விளிம்பில் தண்ணீர் மெல்லியதாக வழிவதால் சீக்கிரம் ஆறி, அங்கே வரப்பு மாதிரி உயரும். வரப்புக்குப் பின்னால் குளம், அது வழிந்தால் கீழே அடுத்த படி.

பார்த்து ரசித்ததோடு அவர் நிற்கவில்லை. காம்பஸை வைத்துத் திசைக்கோணங்களை எடுத்து நாட்குறிப்பில் எழுதினார், ஏரிக்கு மேப் வரைந்தார். நியூசிலாந்தில் அவர் டியூனைட் என்று பெயர் வைத்த பாறை வகை நம்ம சேலத்திலும் இருக்கு. 1860-ல் வியன்னா பாலிடெக்னிக்கில் பேராசிரியரானார். அதாவது நம்ம மாதிரி பசங்களுக்குத்தான் பாடம் எடுத்தார்.

1884-ல் இறந்தார். இரண்டே வருடத்தில், 1886 ஜூன் 10 அன்று தாராவேரா எரிமலை வெடித்தது. சுமார் 120 பேர் செத்துப்போனார்கள். படித்திட்டுகளும் கண்ணுக்குத் தெரியாமல் போயின. நொறுங்கினவா, புதைந்து கிடக்கின்றனவா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. 2017-ல் ஆய்வாளர்கள் இருவர் அவை இருந்த இடத்தைக் கணக்கிட்டு வெளியிட்டபோது, கையில் எடுத்தது அவருடைய அந்தப் பழைய நாட்குறிப்பைத்தான்.

லேபில் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதியவன்தான் நானும். ஆனா யோசிச்சுப் பாருங்க: வெம்பக்கோட்டைக் குழியிலிருந்து எடுத்த மணியை அதே மண் அடுக்கில் திரும்ப வைக்க முடியாது. எந்த ஆழத்தில் கிடைத்தது என்று அன்றைக்கு எழுதினால்தான் உண்டு. அடுத்த தடவை ரீடிங்கை நீங்களே எடுங்க.